சங்கிலி ஜெபத்துக்கு ஒரு டூட்டி சார்ட்டு

...அரை மணி நேர ஜெப டூட்டி சார். வெறும் முப்பது நிமிஷம். அதுக்கு அந்த ஆளு போன்ல என்ன அனுப்பியிருக்காரு பாருங்க. ரெண்டு கை. மஞ்சக் கலர்ல, கும்பிடற மாதிரி ரெண்டு கை. அவ்ளோதான்! ஏன் சார், அந்தக் கைக்குப் பின்னாடி ஆளு முழங்கால்ல நிக்கிறாரா, போர்வைக்குள்ள கெடக்கிறாரான்னு எனக்கு எப்படித் தெரியும்? உடனே போன் போட்டேன். எட்டு ரிங்கு போச்சு. எடுத்தவரு குரலு கரகரன்னு வருது. "ஜெபத்துலதான் இருக்கேன் பிரதர்"ங்கறாரு. ஜெபத்துல இருக்கறவருக்குப் பின்னாடி குறட்டை கேக்குமா? சரி, அது அவரு வீட்டுக்காரம்மா குறட்டையா இருக்கலாம். அவ்ளோ தூரம் நான் விசாரிக்கல.

அந்தப் பைய இப்படி வைங்க... உக்காருங்க சார், உக்காருங்க. எத்தன தடவ எழுந்து அந்தக் கதவப் பாப்பீங்க? தொறந்தா அந்த நர்சம்மாவே பெட் நம்பரச் சொல்லிக் கத்தும். நீங்க எட்டு, நாங்க ஏழு. அதுக்கு முன்னாடி நாம போயி நின்னா, "வெளிய இருங்க, வெளிய இருங்க"ன்னு நம்மள ஏதோ கோழி தொரத்தற மாதிரி தொரத்தும். இந்த ரூம்ல பதினாலு நாற்காலி சார். நாலு நாற்காலி ஆடுது. காலையிலேருந்து உங்களுது தவிர ஒவ்வொண்ணுலயும் உக்காந்து பாத்துட்டேன். அதோ அந்த டிவியப் பாருங்க, சத்தமே இல்லாம ஒருத்தன் சமைக்கிறான். உள்ள புள்ளைங்க பட்டினியா படுத்திருக்கு, வெளிய சமையல் காட்டறாங்க. எந்த மகராசன் யோசிச்சானோ!

எதுல விட்டேன்? ஆங், டூட்டி.

நான் பஸ் டிப்போவுல டைம் கீப்பர் சார். இருபத்திரண்டு வருஷம். வண்டி ஓட்ட மாட்டேன், டிக்கெட் கிழிக்க மாட்டேன். எந்த வண்டிய யாரு எத்தன மணிக்கு எடுக்கணும்னு சார்ட்டு போடுவேன். கூண்டு மாதிரி ஒரு ரூம்பு, ஒரு ஜன்னலு, ரெண்டு பேனா. லேட்டா வந்தா நீலம், வராமலே போனா செவப்பு. லேட்டா வர்றவனாவது நாலு கதை சொல்லுவான். செவப்பு வாங்கறவன் இருக்கான் பாருங்க, அவனத் திருத்தவே முடியாது. எனக்குப் பின்னாடி என்ன பேரு வச்சிருக்கானுங்க தெரியுமா? செவப்புப் பேனா. தெரியும், எனக்குத் தெரியும்.

அப்படிப்பட்டவன் பொண்ணுக்கு ஆபரேஷன்னு தேதி குறிச்சாச்சு. அஞ்சு வயசு சார். இடது கிட்னி. கிட்னியிலேருந்து கீழ இறங்குது பாருங்க ஒரு குழாய், அது மேல் வாயில சுருங்கிக் கெடக்கு. தண்ணி இறங்காம கிட்னி வீங்கிக்கிட்டே போகுது. சுருங்கின துண்ட வெட்டி எடுத்துட்டு, மறுபடி சேத்துத் தைக்கணும். அந்தக் குழாய் எவ்ளோ தடிமன் தெரியுமா? நான் எழுதற பேனா ரீபில விட சன்னம். டாக்டர் பேப்பர்ல படம் போட்டுக் காட்டறாரு, நான் தலைய ஆட்டறேன். எனக்குப் படமே தெரியல சார். கண்ணு முன்னாடி என்னென்னமோ ஓடுது.

ஞாயித்துக்கிழமை சபையில சொன்னோம். அவ்ளோதான், ஆளாளுக்கு வந்து கையப் புடிச்சுக்கிட்டு, "ஜெபிக்கிறோம் பிரதர், ஜெபிக்கிறோம் பிரதர்." நான் கேட்டேன், எப்ப? எத்தன மணிக்கு? எல்லாருமா சேந்து ராத்திரி படுக்கப் போறப்ப கொட்டாவி விட்டுக்கிட்டே ஒரு வரி சொல்லுவாங்க, என் பொண்ணு ஒம்பது மணிக்கு உள்ள போறப்ப ஒருத்தரும் இருக்க மாட்டாங்க! இப்படி நான் வண்டி விட்டா ஊரு நடந்துதான் போகணும். அதான் பாஸ்டர்கிட்டயே நேராப் போயி சொன்னேன், சங்கிலி ஜெபம் வைங்க, சார்ட்டு நான் போடறேன்னு.

உங்களுக்குத் தெரியுமா சங்கிலி ஜெபம்? ஒருத்தரு முடிக்கிற நேரத்துக்கு அடுத்தவரு ஆரம்பிக்கணும். நடுவுல அறுபடவே கூடாது. காலையில ஆறு மணியிலேருந்து பன்னெண்டு மணி வரைக்கும். அரை மணிக்கு ஒரு ஆளு, பன்னெண்டு ஆளு, ஒவ்வொருத்தருக்கும் பக்கத்துல போன் நம்பரு. இதோ பாருங்க, பாக்கெட்டுலயே வச்சிருக்கேன். கோடு போட்டு அடிச்சது. இதையும் பாத்துட்டு பாஸ்டர் என்ன சொல்றாரு... "ஆண்டவருக்கு நேரக் கணக்கு கிடையாது பிரதர்." அவருக்கு இல்ல ஐயா, ஒத்துக்கறேன். ஆபரேஷன் தியேட்டருக்கு இருக்கே!

அவரும் லேசுப்பட்டவரு இல்ல. நேத்து சாயங்காலம் வார்டுக்கு வந்து ஜெபம் பண்ணாரு. உலகத்தப் படைச்சதுலேருந்து ஆரம்பிச்சாரு சார்! வானம், பூமி, கடல், பறவைங்க... எங்க பாப்பாவோட கிட்னிக்கு வந்து சேர பதினெட்டு நிமிஷம். வாட்ச்சப் பாத்தேன். பாப்பா நடுவுலயே தூங்கிடுச்சு. பக்கத்து பெட்டு குளுக்கோஸ் பாட்டிலு ஏறி முடிஞ்சு, நர்சு வந்து கழட்டிட்டும் போயாச்சு.

அட, அதையாவது விடுங்க, இடது கிட்னின்னு கிளிப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லியிருக்கேன். ஏழு மணி ஆளுக்குப் போன் போட்டா, "இருதயத்தத் தொடும்படி கேட்டுக்கிட்டிருக்கேன்"ங்கறாரு. இருதயத்துல என்னய்யா இருக்கு? ஏழரை மணி அம்மா கல்லீரல்ல நிக்குது. எட்டு மணிக்கு ஒருத்தரு, எலும்பு! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ரூட்டு மாத்தி ஓட்டறதுக்கா டூட்டி போட்டுக் குடுத்தேன்? எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன், இடது கிட்னி, இடது கிட்னி, இடது கிட்னின்னு மூணு தடவ. உடனே பன்னெண்டு பேருகிட்டேருந்தும் அதே மஞ்சக் கை!

சிரிக்கிறீங்க. சிரிங்க சார். காலையிலேருந்து இப்பதான் உங்க மொகத்துல ஒரு அசைவு தெரியுது.

இதுல எண்ணெய் ஆன்ட்டின்னு ஒருத்தங்க இருக்காங்க. பேரு அது இல்ல, நாங்க வச்சது. யாருக்கு உடம்பு சரியில்லன்னாலும் ஜெபிச்ச எண்ணெய ஒரு சின்ன பாட்டில்ல எடுத்துக்கிட்டு வந்து நிப்பாங்க. வயசானவங்க, ரெண்டு பஸ்ஸு மாறி வந்தாங்க நேத்து. பாப்பா நெத்தியில ஒரு சொட்டு வச்சு, நாலே வார்த்தை ஜெபம் பண்ணிட்டு, பாட்டில எங்க கையில குடுத்துட்டு, "மிச்சத்த வச்சுக்குங்க, வீட்டுக்கு வந்தப்புறம் தேவைப்படும்"னாங்க. "வீட்டுக்கு வந்தப்புறம்"னு சொன்னாங்க பாருங்க. அத வேற யாருமே சொல்லல சார். டாக்டர் கூடச் சொல்லல.

அந்த எண்ணெயிலதான் வந்துச்சு வினை.

காலையில நர்சு வந்து, செவப்புச் சோப்பு ஒண்ணு குடுத்து, குளிப்பாட்டி பச்சைக் கவுன் மாட்டி விடச் சொல்லுச்சு. எல்லாம் ஆச்சு. எட்டே முக்காலுக்கு உள்ள கொண்டு போறாங்க. மயக்க டாக்டர் நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டறாரு, நழுவுது. இன்னொண்ணு ஒட்டறாரு, அதுவும் நழுவுது. கவுன விலக்கிப் பாத்தா... நெஞ்சு, வயிறு, இடுப்பு, முதுகு, ஒரு இடம் பாக்கியில்லாம எண்ணெய்! புள்ள வழுக்குது சார், கையில நிக்கல. எவனோ ஒரு மகா புத்திசாலி பாட்டில் பூரா கவுத்தியிருக்கான். டாக்டர் வெளிய வந்து எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சு கேக்கறாரு, "உள்ள இருக்கறது ஆபரேஷன் தியேட்டரு. அடுப்புன்னு யாராவது சொன்னாங்களா உங்களுக்கு?"ன்னு. எண்ணெய் இருந்தா மருந்து புடிக்காதாம், கத்தி வைக்கிற இடம் சுத்தமா இல்லன்னா தொட மாட்டாங்களாம். மறுபடி குளிப்பாட்டணும், தொடைக்கணும், காயணும். அதுவரைக்கும் தியேட்டர சும்மா போட்டு வைக்க முடியுமா? அடுத்த பெட்டு எதுன்னு பாத்தாங்க. எட்டு.

ஆமா சார். உங்க பொண்ணு. உங்கள அவசரமா கூப்புட்டுக் கையெழுத்து வாங்கினாங்களே, ஏன் முன்னாடியே எடுக்கறாங்கன்னு நீங்க கூட பயந்து போயி அந்த நர்சம்மாகிட்ட கேட்டீங்களே... அது எங்களாலதான்.

கோவமா? இல்லையே? ...நல்லது.

இப்ப சார்ட்டப் பாருங்க. ஒம்பது டு பன்னெண்டு, நல்ல நல்ல ஆளாப் பாத்து போட்டு வச்சிருந்தேன். தூங்காத ஆளு, வாய் உள்ள ஆளு. ஒம்பதரைக்கு பாஸ்டரே! அத்தன பேரும் முழங்கால் போட்டு உருகி உருகிக் கேட்டப்ப டேபிள் மேல படுத்திருந்தது யாரு? உங்க பொண்ணு! நான் இருபத்திரண்டு வருஷம் படிச்ச வித்தையெல்லாம் எறக்கிப் போட்ட சார்ட்டு, முழுசா உங்களுக்கு ஓடியிருக்கு சார். நீங்க எந்தச் சாமியக் கும்பிடறீங்களோ, நான் கேக்கல, அது உங்க பாடு. ஆனா உங்க பொண்ணுக்கு எடுத்தது இடுப்புக் கட்டிதான்னாலும், அத்தோட சேத்து அவ இடது கிட்னிக்கும் ஆயுசுக்கும் கவலையில்ல. வச்சுக்குங்க. திருப்பிக் கேக்க மாட்டேன்.

என் பொண்ணு எத்தன மணிக்குப் போச்சு தெரியுமா? பன்னெண்டு இருவது. கடைசி டூட்டி கீபோர்டு வாசிக்கிற தம்பி, பன்னெண்டு அடிச்சதும் "முடிந்தது பிரதர், ஸ்தோத்திரம்"னு அனுப்பிட்டு சாப்புடப் போயிட்டான். அவனச் சொல்லி என்ன, டூட்டி முடிஞ்சா எறங்க வேண்டியதுதானே. இருவது நிமிஷம் கழிச்சு இவ உள்ள போறா. இப்ப மணி என்ன, பன்னெண்டு நாப்பத்தி மூணு. இந்த நிமிஷம் சார்ட்டுல ஒரு ஆளு கிடையாது சார். காலி.

போன் போட்டு மறுபடி கேக்கலாமேன்னு பாக்கறீங்க. பாக்கறீங்கல்ல? கேக்கலாம். ஏன் லேட்டுன்னு கேப்பாங்களே.

...அந்தத் தண்ணி பாட்டில மூடி வைங்க சார். பாக்க முடியல. காலையிலேருந்து பாப்பா கேட்டது தண்ணிதான். ராத்திரியே நிறுத்தியாச்சு. ஒம்பதுக்குப் போயிருந்தா மயக்கத்துல தெரிஞ்சிருக்காது. மூணு மணி நேரம் கூட, முழிச்சுக்கிட்டு. "அப்பா, ஒரு மூடி மட்டும்"ங்கறா. மூடியில ஊத்திக் குடிக்கிற அளவு போதுமாம். குடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. நர்சம்மா பஞ்ச நனைச்சு உதட்டுல வச்சுச்சு. அந்தப் பஞ்ச சப்பினா சார். நான் சுவரப் பாத்து நின்னேன்.

எங்க வீட்டம்மாவா? கீழ வார்டுல இருக்கா. மூணு நாளா டபுள் டூட்டி, ராத்திரி பகலா ஆண்டவர்கிட்ட கேட்டுக் கேட்டு இப்ப தொண்டையே கட்டிப்போச்சு. பாப்பா கழட்டிப் போட்ட கவுன மொகத்துல வச்சுக்கிட்டு படுத்திருக்கா. காலையில டாக்டர் திட்டினதும், நேத்து வச்ச எண்ணெய்தான் சோப்புக்கும் போகலன்னு நெனச்சு அவதான் எண்ணெய் ஆன்ட்டிக்குப் போன் போட்டா. என்ன பேச்சு பேசினா! "உங்க பக்திய எங்க புள்ள மேலதான் காட்டணுமா"ன்னு கேட்டுட்டா. அந்த அம்மா மொதல்ல, "நான் நெத்தியிலதானேம்மா வச்சேன்"னாங்க. அப்புறம், "ஒருவேளை என் கை பட்டிருக்கும்மா, மன்னிச்சிடு"ன்னு அழுவுறாங்க. போன ஸ்பீக்கர்ல போட்டிருந்தா. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.

பேசாம நின்னேன் சார்.

ஏன்னா... அந்த மகா புத்திசாலி யாருன்னு நெனைக்கிறீங்க?

ஆமா.

ஆறரை மணிக்கு. அவ பல்லு வெளக்கப் போயிருந்தா. குளிப்பாட்டி, தொடைச்சு, கவுன் மாட்டறதுக்கு முன்னாடி பாப்பா பெட்டு மேல நிக்கிறா, முதுகக் காட்டிக்கிட்டு. முதுகு எலும்பு ஒண்ணொண்ணா தெரியுது. இந்த இடத்துலதான வெட்டப் போறாங்கன்னு தோணுச்சு. ஏதாவது கேக்கணும்னு இருந்துச்சு சார். வாய் வரல. எனக்கு வாய் தொறந்தா புகார்தான் வரும், உங்களுக்கே தெரியும், காலையிலேருந்து கேக்கறீங்க. பாட்டில் ஜன்னல்ல இருந்துச்சு. எண்ணெய்க்கு வார்த்தை வேணாம் பாருங்க. ஒரு சொட்டு எடுத்து அந்த இடத்துல வச்சேன். ஒரு சொட்டு போதுமான்னு இருந்துச்சு. இன்னொண்ணு. அப்புறம் நெஞ்சுல. மயக்கம் குடுத்தா நெஞ்சும் தாங்கணுமே. அப்புறம் முன்னாடி, பின்னாடி... அவ கூசுதுப்பா கூசுதுப்பான்னு சிரிக்கிறா. பாட்டில் காலியானப்புறம்தான் நிறுத்தினேன். பாட்டில துணியில சுத்திக் குப்பையில போட்டுட்டேன். செவப்புப் பேனா செய்யற வேலையா இது!

இந்தச் சார்ட்ட நல்லா பாருங்க சார். கண்ணாடி போட்டுட்டுப் பாருங்க. பாஸ்டரு இருக்காரு, கீபோர்டு தம்பி இருக்கான், குறட்டை ஆளு இருக்காரு, கல்லீரல் அம்மா இருக்கு, வீட்டம்மாவுக்குக் கூட ஆறு மணி டூட்டி. என் பேரு எங்க இருக்கு? பன்னெண்டு கட்டம் போட்டேன், ஒரு கட்டம் எனக்குப் போடல. பாஸ்டரு கேட்டாரு, "உங்க பேரு பிரதர்?"ன்னு. நான் மேற்பார்வைன்னு சொல்லிட்டேன்.

பயம் சார். வேற ஒண்ணுமில்ல. மத்தவங்க கேட்டு நடக்கலன்னா, நீ தூங்கிட்ட, நீ எலும்புல நின்ன, நீ மஞ்சக் கை அனுப்பினன்னு அவங்கவங்க பேருக்கு நேரா செவப்புல போட்டுட்டு ஒக்காந்துடலாம். நானே வாயத் தொறந்து கேட்டு... இல்லன்னு ஆயிட்டா? அப்புறம் நான் யாரப் புடிச்சுத் திட்டறது?

ஏதாவது சொல்லுங்களேன் சார், நீங்க பாட்டுக்கு அந்தக் கதவையே...

எட்டு! எட்டுன்னு கூப்பிடறாங்க சார்! எழுந்திரிங்க, உங்களத்தான்! ...என்ன சொல்றாங்க? கண்ணு முழிச்சிடுச்சா? அம்மாவக் கேக்குதா? அப்ப நல்லா இருக்கு சார், கேக்குதுன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம். போங்க, போங்க. செருப்பு... அட இன்னொரு செருப்பு இங்க... சார், பை! பைய விட்டுட்டு... சரி போங்க, நான் பாத்துக்கறேன். எங்கயும் போக மாட்டேன். எங்க போகப் போறேன்.

சொன்னேன்ல. சார்ட்டு வேலை செஞ்சிருக்கு.

ம்.

அவரு உக்காந்திருந்த இந்த நாற்காலியும் ஆடுது. பதினாலுல அஞ்சு.

மணி பன்னெண்டு அம்பது. பன்னெண்டுக்கு அப்புறம் டூட்டி யாரு? ...யாருமில்ல. ஆளு வரலன்னா யாரு வண்டிய எடுக்கணும்? டிப்போவுல நின்னுக்கிட்டிருக்கற ஆளுதான் எடுக்கணும்.

ஆண்டவரே.

நான்தான். ஏழாம் நம்பர் பெட்டு. பெட்டு நம்பர் உங்களுக்கு எதுக்கு... பாப்பாவோட அப்பா. எனக்கு வானம் பூமியிலேருந்து ஆரம்பிக்கத் தெரியாது. நேரா விஷயத்துக்கு வர்றேன். இடது கிட்னி. இடது. குழாய் ரொம்ப சன்னம், தைக்கிற கை நடுங்காம பாத்துக்குங்க. காலையிலேருந்து தண்ணி கேட்டுக்கிட்டிருந்தா. முழிச்சு, தண்ணி கேக்கணும். அவ கேக்கணும், நான் மூடியில ஊத்திக் குடுக்கணும். அவ்ளோதான் வேணும். எண்ணெய் ஊத்தினது நான். அந்த அம்மா கணக்குல எழுதிடாதீங்க, அவங்ககிட்ட நானே பேசிக்கறேன். ஆறு மணிக்கே வந்திருக்கணும் நான். டயர் பஞ்சரு, தலைவலின்னு கதை எதுவும் இல்ல என்கிட்ட. லேட்டுதான். லேட்டுன்னே போட்டுக்குங்க ஆண்டவரே, நீலத்துல. அந்தச் செவப்புப் பேனாவ மட்டும் எடுத்துடாதீங்க.